டாட்டூ போடப் போறீங்களா? டிசைனை ஓரமா வச்சுட்டு முதல்ல மையையும் கையையும் பாருங்க

என் இடது முன்கையில ஒரு சின்ன பூ இருக்கு. ஓரம் கறுப்பு, இதழ் சிவப்பு. கறுப்புக் கோட்டை விரலால தடவினா அங்க டாட்டூ இருக்கறதே தெரியாது, தோல் அவ்வளவு தட்டையா இருக்கும். ஆனா சிவப்பு இதழை நான் கண்ணை மூடிக்கிட்டே தடவி எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு சொல்லிடுவேன், ஏன்னா போட்டு ஒன்றரை வருஷம் கழிச்சு அது மட்டும் தடிச்சு மேல எழும்பிடுச்சு, வெயில்ல நின்னா அரிப்பு வேற. தோல் டாக்டர்கிட்ட போனேன், அவர் கையைத் திருப்பிப் பார்த்துட்டு கேட்ட முதல் கேள்வியே "என்ன இங்க், பேர் தெரியுமா?" தான். நான் முழிச்சேன். டிசைனுக்காக ரெண்டு மாசம் தேடித் தேடி சேவ் பண்ணி வச்ச ஆளு, அந்த பாட்டிலை ஒரு தடவை கூட திருப்பிப் பார்க்கலை.

அதனால இது டாட்டூ போடாதீங்கன்னு சொல்ற கட்டுரை இல்ல, எனக்கே மூணு இருக்கு. முதல் தடவை போடப் போறவங்க எதையெல்லாம் கேக்கணும், எங்க கண்ணை வைக்கணும், எப்போ எழுந்து வந்துடணும்னு நான் லேட்டா கத்துக்கிட்டதை வரிசையா சொல்றேன், அவ்வளவுதான்.

தோலுக்குள்ள என்னதான் நடக்குது

ஸ்டெப்புக்குள்ள போறதுக்கு முன்னாடி இது புரிஞ்சாதான் மத்ததெல்லாம் புரியும். ஊசி தோலோட மேல் அடுக்கைத் தாண்டி கிட்டத்தட்ட 1ல இருந்து 2 மில்லிமீட்டர் ஆழத்துல மையைக் கொண்டுபோய் வைக்குது. மேல் அடுக்கு சில வாரத்துக்கு ஒரு தடவை உதிர்ந்து புதுசாயிடும், அதனால அங்க வச்சா நிக்காது, அடி அடுக்குல வச்சாதான் நிக்கும். அங்க போன மையை உடம்பு ஏதோ வேத்துப் பொருள் நுழைஞ்சிடுச்சுன்னு நினைச்சு மேக்ரோஃபேஜ்னு சொல்ற காவல் செல்களை அனுப்பும், அதுங்க மையை விழுங்கும், ஆனா ஜீரணிக்க முடியாது, வாயில வச்சுக்கிட்டே உக்காந்திருக்கும். ஒரு செல் செத்தா மை வெளிய வரும், பக்கத்துல வர்ற புது செல் அதை மறுபடி விழுங்கும். 2018ல பிரான்ஸ்ல எலிகளை வச்சு இதைக் காட்டினாங்க. ஆக நீங்க ஆசையா பார்க்கிற அந்த டாட்டூங்கறது உண்மையில முடிவே இல்லாம நடந்துக்கிட்டிருக்கிற ஒரு துப்புரவு வேலை.

எல்லா மையும் அங்கேயே நிக்கறதும் இல்ல. நுணுக்கமான துகள்கள் நிணநீர் வழியா நகர்ந்து பக்கத்துல இருக்கிற நிணநீர் முடிச்சுல போய் தங்கிடும், கையில போட்டா அக்குள்ல இருக்கிற முடிச்சு. ஜெர்மன், பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2017ல சக்திவாய்ந்த எக்ஸ்ரே வச்சு இதைப் பார்த்தாங்க, முடிச்சுக்குள்ள கலர் பொடியும் டைட்டானியம் டை ஆக்ஸைடும் இருந்துச்சு. அது நோயை உண்டாக்குதாங்கறது வேற கேள்வி, கீழ வர்றேன். ஆனா "தோல்ல தானே போடறோம்"னு இனிமே சொல்ல முடியாது.

ஒரே வரியில சொன்னா ரெண்டு விஷயம் நடக்குது, ஒண்ணு ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன காயம், இன்னொண்ணு ஆயுசுக்கும் உள்ள இருக்கப் போற கெமிக்கல். காயத்தால வர்றது நாள் கணக்குல தெரிஞ்சிடும். கெமிக்கலால வர்றது மாசம், வருஷம் கழிச்சு வரும்.

ஸ்டெப் 1: உங்க உடம்பு இதுக்கு ரெடியா

ஷுகர் கன்ட்ரோல்ல இல்லாதவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, உறுப்பு மாத்து ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, ஸ்டீராய்ட் மாதிரி எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து எடுக்கறவங்க, இதய வால்வுல பிரச்சனை இருக்கறவங்க, இவங்கல்லாம் ஆர்ட்டிஸ்ட்டைக் கேக்கறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேக்கணும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுத்துக்கிட்டிருந்தா கோர்ஸ் முடியட்டும், எவ்வளவு நாள் கழிச்சுப் போடலாம்னு மருந்து எழுதிக் குடுத்தவரையே கேளுங்க. கர்ப்பமா இருக்கும்போது வேணவே வேணாம், ஒரு இன்ஃபெக்ஷன் வந்தா ரெண்டு உயிருக்கு வைத்தியம் பார்க்கணும்.

காது குத்தின இடத்துலயோ தையல் போட்ட இடத்துலயோ தழும்பு காயத்தை விடப் பெருசா வளர்ந்திருந்தா உங்களுக்கு கெலாய்டு வர்ற தோல்னு அர்த்தம், டாட்டூவுலயும் அது வரலாம். சொரியாசிஸ் இருந்தா தோல் காயம் பட்ட அதே இடத்துல புதுசா செதில் எழும்ப வாய்ப்பு இருக்கு, டாட்டூ கோட்டு மேலயே வரிசையா எழும்பின போட்டோவை டாக்டர் எனக்குக் காட்டினார், பார்க்கவே பாவமா இருந்துச்சு.

மச்சம் மேல போடாதீங்க. அழகுக்காகச் சொல்லலை, மச்சத்தோட நிறமோ ஓரமோ மாறுறதுதான் மெலனோமாங்கற தோல் கேன்சரோட முதல் அறிகுறி, அதை மையால மூடிட்டா மாறினது யாருக்கும் தெரியாது.

அப்புறம் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. இது நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. அந்த வைரஸ் காஞ்ச ரத்தத்துல உடம்புக்கு வெளிய குறைஞ்சது 7 நாள் உயிரோட இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே போதும். வழக்கமா 3 டோஸ், முதல் டோஸ், 1 மாசம் கழிச்சு ஒண்ணு, 6வது மாசம் ஒண்ணு, அதனால டாட்டூ ஆசை வந்த அன்னைக்கே ஆரம்பிச்சா டிசைன் முடிவாகறதுக்குள்ள முக்கால்வாசி முடிஞ்சிடும். ஹெபடைட்டிஸ் சிக்கு தடுப்பூசி கிடையாது (மருந்து உண்டு, இப்போ பெரும்பாலானவங்களுக்கு குணமாயிடுது, ஆனா வந்ததே தெரியாம பல வருஷம் ஓடிடும்).

ஸ்டெப் 2: ஸ்டுடியோவுக்கு ஒரு நாள் சும்மா போயிட்டு வாங்க

போடறதுக்கு இல்ல, பார்க்கறதுக்கு. முடிஞ்சா வேற யாருக்காவது போட்டுக்கிட்டிருக்கும்போது போங்க. சுவத்துல மாட்டின சர்டிஃபிகேட்டையும் ஆல்பத்தையும் பார்க்காதீங்க, ஆர்ட்டிஸ்ட்டோட கையைப் பாருங்க. அந்த கை எதையெல்லாம் தொடுதுன்னு ஒரு 10 நிமிஷம் பாருங்க, வேற எதுவும் வேணாம்.

எனக்குப் பூ போட்டவர் நல்ல கலைஞர், அதுல சந்தேகமே இல்ல. கிளவுஸ் போட்டுத்தான் ஆரம்பிச்சார். நடுவுல பாட்டு பிடிக்கலைன்னு அதே கிளவுஸோட போனை எடுத்து மாத்தினார், லைட்டை இழுத்தார், நாற்காலியை அட்ஜஸ்ட் பண்ணார், திரும்ப வந்து என் கையில பொங்கின ரத்தத்தைத் துடைச்சார். நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன், அப்போ எதுவும் தோணலை. கிளவுஸ் அவர் கையைக் காப்பாத்திச்சு, என் கையை இல்ல. நல்ல ஆளுங்க வெளி பொருளைத் தொட்டா கிளவுஸைக் கழட்டிப் போட்டுட்டு கை கழுவி புதுசு மாட்டுவாங்க, ஒரு சிட்டிங்க்ல நாலஞ்சு ஜோடி போறது சாதாரணம்.

ஊசி புதுசா, சீல் பிரிக்காத பேக்கட்ல இருந்து உங்க கண் முன்னாடி எடுக்கறாங்களா, பேக்கட்ல எக்ஸ்பைரி தேதி தாண்டலையான்னு பாருங்க. இதை எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லாத விஷயம் என்னன்னா ஊசி மட்டும் புதுசா இருந்தா பத்தாது. கார்ட்ரிட்ஜ் ஊசின்னா (ஊசியும் அதோட கூடும் ஒண்ணா வர்றது) அதுக்குள்ள மெம்ப்ரேன்னு ஒரு மெல்லிசான தடுப்பு சவ்வு இருக்கணும், அது இல்லாத சீப்பான கார்ட்ரிட்ஜ்ல மையும் ரத்தமும் பின்னாடி மெஷினுக்குள்ள ஏறும், அடுத்த ஆளுக்கு புது ஊசி மாட்டினாலும் மெஷின் பழசுதானே. மெஷினையும் வயரையும் ஸ்ப்ரே பாட்டிலையும் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடியிருக்காங்களா பாருங்க, ஒவ்வொரு ஆளுக்கும் அந்த கவர் மாறணும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிரிப்பு மாதிரி திரும்பத் திரும்ப யூஸ் பண்ற பொருள் எதுவாவது இருந்தா ஆட்டோகிளேவ் இருக்கான்னு கேளுங்க. 121 டிகிரி செல்சியஸ்ல அழுத்தமான நீராவியில குறைஞ்சது 15 நிமிஷம், அதுதான் ஸ்டெரிலைஸ். ஸ்பிரிட்ல துடைக்கிறதும் வெந்நீர்ல போட்டு எடுக்கறதும் ஸ்டெரிலைஸ் இல்ல. நீல வெளிச்சம் அடிக்கிற யூவி பெட்டி சுத்தமான பொருளை வச்சிருக்கற அலமாரி மாதிரி, அழுக்கான பொருளை அது சுத்தம் பண்ணாது. ஆட்டோகிளேவ் இருந்தாலும் அது வேலை செய்யுதான்னு பார்க்க ஸ்போர் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, "கடைசியா எப்போ பண்ணீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. டக்குன்னு நோட்டை எடுத்துக் காட்டினா நல்ல இடம். "நீங்க என்ன இன்ஸ்பெக்டரா"ன்னு சிரிச்சா வந்துடுங்க.

சின்ன விஷயம் ரெண்டு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போறேன். முடி மழிக்கிற ரேசர் புதுசா இருக்கணும். ஸ்டென்சில் ஒட்டறதுக்கு சில பேர் டியோடரண்ட் ஸ்டிக்கை நேரா தோல்ல தேய்ப்பாங்க, அதே ஸ்டிக்கை காலையில வேற யாருக்கோ மழிச்ச தோல்ல தேய்ச்சிருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க. வாசலின் டப்பாவுக்குள்ள ரத்தம் பட்ட விரலை விடறதும் இதே கதைதான், குச்சியால கொஞ்சமா வெளிய எடுத்து வச்சுக்கணும்.

ஸ்டெப் 3: பாட்டிலைத் திருப்புங்க

இதுதான் நான் விட்ட இடம், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

டாட்டூ மையில கலர் பொடி, அதைக் கலந்து வைக்கிற திரவம், கெட்டுப்போகாம இருக்க ஏதாவது, இவ்வளவும் இருக்கும். கலர் பொடி பெரும்பாலும் மனுஷத் தோலுக்குன்னு தயாரானதே இல்ல, பிரிண்டிங், பிளாஸ்டிக், கார் பெயின்ட்டுக்காகச் செய்யறது. கறுப்புன்னா கார்பன் பிளாக், அதாவது சுத்தமான புகைக்கரி. ஆல்ப்ஸ் பனிமலையில கிடைச்ச 5000 வருஷத்துக்கு மேல பழசான ஓட்ஸிங்கற உடம்புல 61 டாட்டூ இருக்கு, அதுவும் கரிதான். வெள்ளைன்னா டைட்டானியம் டை ஆக்ஸைடு. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்ல பெரும்பாலும் ஆஸோங்கற செயற்கை வகை பிக்மென்ட் (கலர் பொடியைத்தான் அப்படிச் சொல்றாங்க), முன்னாடியெல்லாம் சிவப்புக்கு பாதரசம் கலந்த பொடியும் மஞ்சளுக்கு காட்மியமும் போட்டாங்க.

அலர்ஜி அதிகமா வர்றது சிவப்புலதான், உலகம் முழுக்க தோல் டாக்டர்கள் சொல்றது இது. ஏன்னா ஆஸோ பிக்மென்ட் தோலுக்குள்ள இருக்கும்போது, அதுவும் வெயில் படப் பட, மெதுவா உடைஞ்சு வேற பொருளா மாறும், உடம்பு அந்தப் புதுப் பொருளை எதிரியாப் பார்க்குது. இதனாலதான் "ஒரு சின்னப் புள்ளி வச்சு டெஸ்ட் பண்ணிக்கலாம்"ங்கற யோசனை முழுசா வேலைக்கு ஆகாது. உடைஞ்சு வர்ற பொருள் உருவாக மாசக்கணக்குல ஆகலாம், புள்ளி 1 வாரம் நல்லா இருந்துச்சுன்னு பூ போட்டா என் கதை மாதிரி ஆகும். ஆஸ்பத்திரியில முதுகுல ஒட்டிப் பார்க்கற பேட்ச் டெஸ்ட்டும் இந்த விஷயத்துல பல தடவை ஒண்ணும் இல்லைன்னுதான் காட்டும்.

அப்போ என்ன பண்றது? பாட்டில் லேபிளை போட்டோ எடுத்துக்கோங்க. மை பேர், கம்பெனி, பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி, பாட்டில் திறந்த தேதி, அப்புறம் சி.ஐ.ன்னு ஆரம்பிக்கிற 5 இலக்க நம்பர். அதுதான் பிக்மென்ட்டோட அடையாள அட்டை. 77266னா கார்பன் பிளாக், 77891னா டைட்டானியம் டை ஆக்ஸைடு, 12475னா பிக்மென்ட் ரெட் 170ங்கற சிவப்பு, அலர்ஜி கேஸ்கள்ல அடிக்கடி மாட்டற பேர் அது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா டாக்டர் கேக்கற முதல் கேள்விக்கு பதில் உங்க போன்ல இருக்கும்.

லேபிளை நம்பலாமான்னு கேட்டா, முழுசா இல்ல. அமெரிக்காவுல பிங்ஹாம்டன் யுனிவர்சிட்டி ஆளுங்க 54 மைகளை சோதிச்சு 2024ல ரிசல்ட் வெளியிட்டாங்க, அதுல 45ல லேபிள்ல இல்லாத பொருள் இருந்துச்சு. அதே வருஷம் அமெரிக்காவோட உணவு, மருந்து கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏ விஞ்ஞானிகள் சீல் பிரிக்காத 75 மைகளைப் பார்த்தாங்க, 26ல பாக்டீரியா, சிலதுல ஸ்டெரைல்னு அச்சடிச்சே இருந்துச்சு. அதனால ஸ்டெரைல்ங்கற வார்த்தையைப் பார்த்து நிம்மதி ஆகிடாதீங்க, ஆனா பேரே இல்லாத, லேபிள் கிழிஞ்ச, பெரிய பாட்டில்ல இருந்து சின்ன பாட்டிலுக்கு மாத்தி வச்ச மையை விட லேபிள் இருக்கறது ஆயிரம் மடங்கு மேல்.

ஐரோப்பிய யூனியன் விதிக்கு ஒத்துவர்ற மையான்னு கேக்கறது இப்போதைக்கு நல்ல குறுக்குவழி. 2022 ஜனவரி 4ல இருந்து அங்க டாட்டூ மையில 4000க்கும் மேல கெமிக்கலுக்கு தடையோ கட்டுப்பாடோ இருக்கு, நீலம் 15:3, பச்சை 7ன்னு ரெண்டு பிக்மென்ட்டுக்கு மட்டும் ஒரு வருஷம் டைம் குடுத்து 2023 ஜனவரில நிறுத்தினாங்க. அந்த விதியில லேபிள்ல என்னென்ன எழுதணும்னும் இருக்கு, "டாட்டூவுக்குப் பயன்படுத்த"ங்கற மாதிரி வாசகமே இருக்கணும்.

இன்னொண்ணு, தண்ணி. சாம்பல் நிற ஷேடிங் வேணும்னா கறுப்பை நீர்க்க வைப்பாங்க. குழாய்த் தண்ணியோ, ஃபில்டர் தண்ணியோ, டிஸ்டில்டு வாட்டரோ கூட கூடாது, ஸ்டெரைல் வாட்டர்தான் வேணும், டிஸ்டில்டு வேற ஸ்டெரைல் வேற. 2011 கடைசியில நியூயார்க் மாநிலத்துல ராச்செஸ்டர்ங்கற ஊர்ல ஒரே ஆர்ட்டிஸ்ட்கிட்ட போட்டுக்கிட்ட 19 பேருக்கு சாம்பல் ஷேடிங் இருந்த இடத்துல மட்டும் சிவப்பா கொப்புளம் எழும்பிச்சு. காரணம் மைக்கோபாக்டீரியம் செலோனேன்னு தண்ணியில வாழற ஒரு கிருமி. ஆர்ட்டிஸ்ட் சுத்தமாத்தான் இருந்தார், மையைத் தயாரிச்சவங்களே டிஸ்டில்டு வாட்டர்ல கலந்து பாட்டில்ல அடைச்சிருந்தாங்க. இந்த கிருமிக்கு வழக்கமா குடுக்கற ஆன்டிபயாட்டிக் கேக்காது, மாசக்கணக்குல வைத்தியம்.

"பிளாக் ஹென்னா"ன்னு குத்தாம சும்மா மேல வரையற டெம்பரரி டாட்டூவும் பாதுகாப்புன்னு நினைக்காதீங்க, குழந்தைங்களுக்குப் போட்டு விடறாங்க, அதனால சொல்றேன். மருதாணி இயற்கையா ஆரஞ்சு, பழுப்புதான் தரும், சில மணி நேரத்துல கன்னங்கரேல்னு ஆச்சுன்னா அதுல தலைமுடி டையில போடற பிபிடிங்கற கெமிக்கல் கலந்திருக்கும். கொப்புளம், நீர் வடிதல், தழும்பு, அதோட ஆயுசுக்கும் ஹேர் டை அலர்ஜி. 10 வயசுல கையில வரைஞ்சது 40 வயசுல தலையில டை போடும்போது முகம் வீங்க வைக்கும்.

ஸ்டெப் 4: போடற அன்னைக்கு

வயித்துக்கு நல்லா சாப்பிட்டுட்டுப் போங்க, வெறும் வயித்துல மயக்கம் வர்றவங்க நிறைய. முந்தின நாள் குடிக்க வேணாம்.

மரத்துப்போற கிரீம் பத்தி மட்டும் சீரியஸா கேளுங்க. டாட்டூவுக்குன்னு ஆன்லைன்ல விக்கிற சில கிரீம்கள்ல லிடோகெயின்ங்கற மரத்துப்போக வைக்கிற மருந்தோட அளவு ரொம்ப அதிகம், 2024 மார்ச்ல எஃப்டிஏ இதுக்குன்னே எச்சரிக்கை விட்டுச்சு. டாக்டர் சீட்டு இல்லாம தோல்ல தடவறதுக்கு அவங்க சொல்ற உச்ச அளவு 4 சதவீதம். முதுகு முழுக்க தடவி மேல பிளாஸ்டிக் சுத்தி ரெண்டு மணி நேரம் விட்டா மருந்து ரத்தத்துல ஏறி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், வலிப்பு வரலாம். வலி தாங்க முடியாதுன்னா சின்னதா போடுங்க, ரெண்டு சிட்டிங்கா பிரிங்க.

மையை பாட்டில்ல இருந்து சின்ன கப்புல உங்களுக்குன்னு ஊத்தணும், ஊசியை நேரா பாட்டில்ல முக்கக் கூடாது, மிஞ்சினதைத் திரும்ப பாட்டில்ல ஊத்தக் கூடாது. இது நடந்தா எழுந்துடுங்க. பாதி கோடு போட்டிருந்தாலும் எழுந்துடுங்க, பாதி டாட்டூவோட வெளிய வர்றது அசிங்கம்தான், ஆனா வேற நல்ல இடத்துல முடிச்சுக்கலாம்.

ஸ்டெப் 5: அடுத்த ஒரு மாசம்

இது சுருக்கம். வாசனை இல்லாத சோப்பு, ஓடற தண்ணி, கையைக் கழுவிட்டுத்தான் டாட்டூவைத் தொடணும். துடைக்க குளியல் டவல் வேணாம், பேப்பர் டவலால ஒத்தி எடுங்க. ஆர்ட்டிஸ்ட் சொன்ன ஆயின்ட்மென்ட் மெல்லிசா, பளபளன்னு அப்பிக்கக் கூடாது. நீங்களா நியோமைசின் இருக்கற ஆன்டிபயாட்டிக் கிரீம் போடாதீங்க, அதுக்கே நிறைய பேருக்கு அலர்ஜி, அப்புறம் மையா கிரீமான்னு கண்டுபிடிக்க முடியாது. பொருக்கைப் பிய்க்காதீங்க. மேல் தோல் ஆறுறதுக்கே 2, 3 வாரம் ஆகும், உள்ள இன்னும் அதிகம்.

குளம், கடல், ஸ்விம்மிங் பூல் எதுவும் ஆறுற வரைக்கும் கிடையாது. மெக்சிகோ வளைகுடாவுல 31 வயசு ஆள் ஒருத்தர் கால்ல டாட்டூ போட்டு 5 நாள்ல கடல்ல நீந்தினார், விப்ரியோ வல்னிஃபிகஸ்ங்கற கடல் பாக்டீரியா புண் வழியா ஏறிடுச்சு, ஏற்கனவே ஈரல் கெட்டுப்போயிருந்த ஆளு, ரெண்டு மாசம் போராடியும் பிழைக்கலை. 2017ல மருத்துவ இதழ்ல வந்த கேஸ் இது. குடிப்பழக்கம், ஈரல் பிரச்சனை இருக்கறவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

ஆறினதுக்கு அப்புறம் வெயில்ல போனா சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30க்கு மேல. கலர் மங்காம இருக்கன்னு மட்டும் நினைக்காதீங்க, மேல சொன்னேனே, வெயில்ல பிக்மென்ட் உடையும்.

ஸ்டெப் 6: எப்போ டாக்டர்கிட்ட ஓடணும்

முதல் ரெண்டு மூணு நாள் சிவப்பு, வீக்கம், தெளிவான நீர் கசியறது சாதாரணம். நாளுக்கு நாள் குறையணும், அதுதான் கணக்கு. மூணாவது நாளுக்கு அப்புறமும் சிவப்பு பரவுதா, தொட்டா சூடா இருக்கா, சீழ், காய்ச்சல், குளிர் நடுக்கம், டாட்டூவுல இருந்து மேல நோக்கி சிவப்புக் கோடு ஓடுதா, இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே போங்க, ஆர்ட்டிஸ்ட்டுக்கு போட்டோ அனுப்பி "நார்மல் ப்ரோ"ங்கற பதிலுக்குக் காத்திருக்காதீங்க.

1ல இருந்து 3 வாரம் கழிச்சு ஷேடிங் இருக்கற இடத்துல மட்டும் சின்னச் சின்ன சிவப்பு பொரி வந்து, சாதாரண ஆன்டிபயாட்டிக்ல போகலைன்னா "டாட்டூவுக்கு அப்புறம்தான் வந்துச்சு, மைக்கோபாக்டீரியாவா இருக்குமா?"ன்னு நீங்களே கேளுங்க. கேட்டாதான் அதுக்கான டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க, வழக்கமா பண்ற கல்ச்சர்ல (கிருமியை வளர்த்துப் பார்க்கற டெஸ்ட்) அது சிக்காம போயிடும்.

மாசம், வருஷம் கழிச்சு ஒரே கலர் மட்டும் தடிச்சா அலர்ஜி. டாட்டூ எல்லாமே ஒண்ணா வீங்கி, கூடவே கண் சிவந்து வலிச்சு மங்கலா தெரிஞ்சா அது வேற கதை, கண்ணுக்குள்ள அழற்சி, சார்கோய்டோசிஸ்ங்கற நோயோட சம்பந்தப்பட்டதாவும் இருக்கலாம், கண் டாக்டரை உடனே பாருங்க.

கேன்சர் வருமா?

எல்லாரும் கேக்கறது இதுதான். 2024ல ஸ்வீடன் லுண்ட் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியில 11,905 பேரை எடுத்துப் பார்த்தாங்க, டாட்டூ இருக்கறவங்களுக்கு லிம்ஃபோமாங்கற நிணநீர் கேன்சர் 21 சதவீதம் அதிகமா இருந்துச்சு. நியூஸ்ல இந்த நம்பர் மட்டும் வந்துச்சு. வராத விஷயம், டாட்டூ பெருசா இருந்தா ரிஸ்க்கும் பெருசா இருக்கணும் இல்ல, அப்படி எதுவும் அதுல தெரியலை, அதனால மைதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. 2025 ஜனவரில டென்மார்க்ல இரட்டையர்களை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல உள்ளங்கையை விடப் பெரிய டாட்டூவுல ரிஸ்க் கூடுதலா தெரிஞ்சுது. ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி. லிம்ஃபோமா அடிப்படையிலயே அரிதான நோய், அரிதுல 21 சதவீதம் ஏறினாலும் அரிதுதான். உலக சுகாதார அமைப்போட கேன்சர் பிரிவு கார்பன் பிளாக்கையும் டைட்டானியம் டை ஆக்ஸைடையும் "ஒருவேளை கேன்சர் உண்டாக்கலாம்"ங்கற 2பி பட்டியல்ல வச்சிருக்கு, ஆனா அதுக்கு ஆதாரம் முக்கியமா மூச்சுல இழுத்த தூசியில இருந்து வந்தது. என் சொந்த முடிவு, இனிமே போட்டா சின்னது, கறுப்பு, அவ்வளவுதான். முழுக்கை ஸ்லீவ் ஆசை இருந்துச்சு, விட்டுட்டேன்.

ஸ்டெப் 7: பிற்காலத்துக்கு

எம்ஆர்ஐ எடுக்கும்போது டாட்டூ இருக்குன்னு முன்கூட்டியே சொல்லுங்க. இரும்பு ஆக்ஸைடு இருக்கற மையில சூடு, எரிச்சல் வரலாம், ஆனா பயந்து ஸ்கேனைத் தள்ளிப் போடாதீங்க, லண்டன்ல 330 பேரை வச்சுப் பார்த்ததுல டாட்டூவால லேசா எரிச்சல் வந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். ரத்த தானம் நாட்டுக்கு நாடு மாறும், பிரிட்டன்ல 4 மாசம் காத்திருக்கணும், சில நாட்டுல இன்னும் அதிகம், கேட்டுட்டுப் போங்க. மார்பகப் பரிசோதனையிலயோ வேற ஸ்கேன்லயோ நிணநீர் முடிச்சு ஏதோ மாதிரி தெரியுதுன்னு சொன்னாலும் டாட்டூ விஷயத்தைச் சொல்லிடுங்க, மை தங்கின முடிச்சு படத்துல ஆளை ஏமாத்தும்.

பிடிக்கலைன்னா லேசர்ல எடுத்துடலாம்னு நினைச்சுக்கிட்டு போடாதீங்க. லேசர் மையை அழிக்கறது இல்ல, பொடிப்பொடியா உடைக்குது, உடைஞ்சதை உடம்புதான் சுமந்துக்கிட்டு போகணும், ஆஸோ சிவப்பை உடைச்சா அரோமாடிக் அமீன்ங்கற வகை பொருள் வரும், அதுல சிலது கேன்சர் பட்டியல்ல இருக்கு. வெள்ளை கலந்த வெளிர் நிறங்கள் லேசர் பட்டதும் மறையாம கறுத்துப் போறதும் உண்டு, உதடு, புருவ டாட்டூவுல இது ரொம்பக் கஷ்டம்.

நானும் என் சிவப்பு இதழை லேசர்ல எடுத்துடலாமான்னுதான் கேட்டேன். அலர்ஜி இருக்கற டாட்டூவை லேசர்ல உடைச்சா உள்ள ஒரு இடத்துல இருக்கறது உடம்பு பூரா சிதறும், ரியாக்ஷன் பெருசாயிடலாம், வேணாம்னுட்டார் டாக்டர். கிரீம் கேக்கலை, இப்போ மாசத்துக்கு ஒரு தடவை அந்த இதழுக்குள்ளயே ஸ்டீராய்ட் ஊசி. கொஞ்சம் தட்டையாகியிருக்கு. ஆர்ட்டிஸ்ட்டுக்கு போன் பண்ணி அந்த சிவப்பு என்ன பிராண்டுன்னு கேட்டேன், அந்த பாட்டில் தீர்ந்து தூக்கிப் போட்டு ரொம்ப நாளாச்சாம்.